பயனர் தரவைத் திரட்டுவது எப்படி? மனித-கணினி ஊடாட்ட ஆய்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் "நேர்காணல் செய்யலாமா, கருத்துக்கணிப்பு நடத்தலாமா?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் நாங்கள் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்பதையே. அந்த உரையாடல்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

பயனர் தரவு என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவர் ஒரு கருவியைப் பயன்படுத்தும்போது செய்வது, அப்போது சொல்வது, பிற்பாடு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது ஆகிய மூன்றும் பயனர் தரவுதான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. ஒரு சோதனையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். நடுத்தர வயதுள்ள பெண்மணி ஒருவர் இணைய விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். பிறந்த தேதியைக் குறிக்கும் இடத்தில் நாட்காட்டி திறந்தது. அம்புக்குறியை அழுத்தி மாதம் மாதமாகப் பின்னோக்கிப் போனார். ஆறு ஆண்டுகளைக் கடந்த பிறகுதான், மேலே உள்ள ஆண்டின் மீது அழுத்தினால் ஆண்டுகளின் பட்டியல் விரியும் என்பது தற்செயலாக அவருக்குத் தெரியவந்தது. அதற்குள் இரண்டு முறை பெருமூச்சு விட்டிருந்தார். ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் முடிந்த பின் "எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு, "ஒன்றும் சிரமமில்லை, நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லி 5க்கு 5 மதிப்பெண் போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டது என்ற நிறைவு அந்த நாட்காட்டியை மறக்கடித்திருந்தது. மதிப்பெண்ணை மட்டும் திரட்டியிருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த 5 மட்டுமே.

அப்படியானால் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியின் வினைச்சொல்லைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மக்கள் ஒன்றை எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால் செய்யும்போது பார்க்க வேண்டும். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு அடிக்கடி என்றால் எண்ண வேண்டும். எண்ண வேண்டிய இடத்தில் எட்டுப் பேரிடம் நேர்காணல் செய்வதும், ஏன் என்று தோண்ட வேண்டிய இடத்தில் ஆயிரம் பேருக்கு வினாத்தாள் அனுப்புவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒரு முறை மட்டும் போதுமானதாக இருப்பது அரிது.

நேர்காணலில் "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் வரும் பதிலைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாமல், அவர் தமக்குச் சொல்லிக்கொள்ளும் விளக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உள்ளது. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரத்தில் சிறந்தது எது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. ஆனாலும் இடப்புறக் கோடியில் இருந்ததை 12 விழுக்காட்டினரும் வலப்புறக் கோடியில் இருந்ததை 40 விழுக்காட்டினரும் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது வைக்கப்பட்டிருந்த இடத்தைத் தாமாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஆகவே பொதுவான கருத்தைக் கேட்பதைவிடக் குறிப்பிட்ட நிகழ்வைக் கேட்பதே பயன் தரும். "இந்தச் செயலியில் தேடுவது எளிதா?" என்பதற்குப் பதிலாக, "கடைசியாக எப்போது இதில் ஒன்றைத் தேடினீர்கள்? அன்று என்ன தேடினீர்கள், முதலில் எதை அழுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். ஜான் ஃபிளனகன் 1954இல் முறைப்படுத்திய 'முக்கிய நிகழ்வு முறை' இந்த எண்ணத்தின் மீதுதான் எழுப்பப்பட்டது: மிக நன்றாக நடந்த ஒன்றையோ மிக மோசமாக நடந்த ஒன்றையோ முழுதாக விவரிக்கச் செய்வது. "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்வியை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். எல்லோரும் ஆம் என்பார்கள்.

பங்கேற்பாளர்கள் நம் மனம் நோகக் கூடாது என்றே பேசுகிறார்கள். என்ன செய்வது?

இது பண்பாட்டுச் சிக்கல் மட்டுமல்ல, அளந்து காட்டப்பட்ட ஒன்று. நிக்கோலா டெல்லும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூருவில் 450 பேரை நேர்காணல் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டில் எது பிடித்திருக்கிறது என்று கேட்கும்போது ஒன்றைத் தாமே உருவாக்கியது என்று நேர்காண்பவர் சொன்னால், அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்காக இருந்தது. நேர்காண்பவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வந்த வெளிநாட்டவராக இருந்தபோது அது 5 மடங்காக உயர்ந்தது. அதில் காட்டிய காணொளியின் தரம் வெளிப்படையாகக் குறைந்திருந்தபோதும் சாய்வு மறையவில்லை. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையிலுள்ள சமூகத் தொலைவு கூடக் கூட, பதிலில் மரியாதை கூடி உண்மை குறைகிறது.

இதை முழுதாக நீக்க முடியாது, குறைக்கலாம். வடிவமைத்தவரே சோதனையை நடத்தாதீர்கள். "இதை யாரோ செய்திருக்கிறார்கள், குறை கண்டுபிடிக்கத்தான் நான் வந்திருக்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் காட்டிக் கருத்துக் கேட்காமல் இரண்டு மூன்று மாற்றுகளைக் காட்டுங்கள்; எது யாருடையது என்பதை வெளியிடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் நன்றாக வேலை செய்வது இன்னொன்று: "உங்கள் வீட்டில் வேறு யாராவது இதைப் பயன்படுத்தினால் எந்த இடத்தில் தடுமாறுவார்கள்?" என்று கேட்பது. தம் தடுமாற்றத்தைச் சொல்லக் கூசுகிறவர்கள் மற்றவர் பெயரில் தாராளமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

வினாத்தாளை நாமே எழுதலாமா, ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்தலாமா?

உங்கள் தேவைக்கு ஏற்ற, சோதித்துப் பார்க்கப்பட்ட அளவுகோல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பயன்பாட்டு எளிமையை அளக்கப் பரவலாக வழங்கும் எஸ்யூஎஸ் என்ற அளவுகோலை ஜான் புரூக் 1986இல் உருவாக்கினார். அதில் 10 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை உடன்பாட்டின் அளவைக் குறிக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணுள்ள வாக்கியங்கள் சாதகமானவை, இரட்டைப்படை எண்ணுள்ளவை பாதகமானவை. கணக்கிடும்போது ஒற்றைப்படை வாக்கியங்களில் மதிப்பிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படை வாக்கியங்களில் 5இலிருந்து மதிப்பைக் கழிக்க வேண்டும். கூட்டுத்தொகையை 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். இது விழுக்காடு அல்ல. 70 என்றால் நூற்றுக்கு எழுபது பேருக்குப் பிடித்தது என்று பொருளில்லை. பல நூறு ஆய்வுகளின் சராசரி 68 அளவில் இருப்பதால், அதையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

வேலையின் சுமையை அளப்பதற்கு சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லண்ட் இருவரும் 1988இல் வெளியிட்ட நாசா டிஎல்எக்ஸ் உள்ளது. மனச்சுமை, உடற்சுமை, நேர நெருக்கடி, முயற்சி, எரிச்சல், தாம் எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்ற கணிப்பு ஆகிய ஆறையும் அது தனித்தனியே கேட்கிறது. இவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை போடும் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடுவதில் தவறில்லை, விட்டதை அறிக்கையில் எழுத வேண்டும்.

அத்தகைய அளவுகோலைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதுமா?

போதாது. எஸ்யூஎஸ் அளவுகோலின் எட்டாவது வாக்கியத்தில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல்லே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குப் புரியவில்லை என்று 2006இல் கிராய்க் ஃபின்ஸ்டாட் எடுத்துக்காட்டினார்; அந்தச் சொல்லை மாற்றியே இன்று பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒரே மொழிக்குள்ளேயே நிலைமை இதுவென்றால் மொழி மாறும்போது கேட்கவே வேண்டாம்.

தமிழில் எதிர்மறை வாக்கியங்கள்தான் பெரும் தொல்லை. "இதைப் பயன்படுத்தும்போது எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை" என்ற வாக்கியத்துக்கு "உடன்படவில்லை" என்று குறிப்பதா "உடன்படுகிறேன்" என்று குறிப்பதா என்று ஒரு கணம் யாரும் திகைப்பார்கள். வாய்மொழியாகக் கேட்டாலோ, "ஆமாம், இல்லை" என்று பதில் வரும். அந்த 'ஆமாம்' எதற்கு, 'இல்லை' எதற்கு என்று கேட்டவருக்கே விளங்காது. எதிர்மறை வினைமுற்றைத் தவிர்த்து, "இது தேவைக்கு மேல் சிக்கலாக இருக்கிறது" என்பது போல உடன்பாட்டு வடிவிலேயே குறையைச் சொல்வது நல்லது. மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மீண்டும் மூலமொழிக்கு மாற்றச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஐந்தாறு பேரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக் காட்டி, "இது என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

உரக்கச் சிந்திக்கச் சொல்வது பயனரின் இயல்பைக் கெடுத்துவிடாதா?

எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆண்டர்ஸ் எரிக்சன், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1980இல் முன்வைத்த விளக்கத்தின்படி, மனத்தில் அந்த நேரத்தில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லும்போது வேலை சற்று மெதுவாகலாமே தவிர அதன் போக்கு பெரிதும் மாறுவதில்லை. காரணம் சொல்லும்படி, விளக்கும்படி கேட்டால் போக்கே மாறிவிடுகிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் 1982இல் இம்முறையை இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார்.

நடைமுறையில் நம் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். பங்கேற்பாளர் மௌனமானால் "தொடர்ந்து பேசுங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டும். "இப்போது என்ன செய்யலாம்?" என்று அவர் கேட்டால், "நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்கலாம். நாட்காட்டியோடு போராடிய அந்தப் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்த கணத்தில் ஆண்டின் மீது அழுத்தச் சொல்லும் சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அன்றைய சோதனையின் ஒரே பயனுள்ள தரவு போயிருக்கும். தனியாகப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு அறிமுகமான இருவரைச் சேர்த்து உட்கார வைப்பது நல்ல மாற்று. அவர்கள் ஒருவருக்கொருவர் இயல்பாகவே பேசிக்கொள்வார்கள்.

ஐந்து பேரைச் சோதித்தால் போதும் என்கிறார்களே?

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எங்கே பொருந்தாது என்பதும் விளங்கும். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் இருவரும் 1993இல் வெளியிட்ட கணிப்பில், ஒரு பயனர் ஒரு குறிப்பிட்ட சிக்கலில் இடறும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு. அப்படியானால் ஐந்து பேரும் அதைத் தவறவிடும் வாய்ப்பு 0.69ஐ ஐந்து முறை பெருக்கி வரும் 0.16 அளவு, ஆகவே சுமார் 84 விழுக்காடு சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும். ஆனால் 31 என்பது அவர்கள் ஆராய்ந்த திட்டங்களின் சராசரி. பத்தில் ஒருவரை மட்டுமே தடுக்கி விழவைக்கும் சிக்கலானால் ஐந்து பேரில் அது தென்படும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். லாரா ஃபால்க்னர் 2003இல் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்த்தபோது, சில குழுக்கள் 99 விழுக்காடு சிக்கல்களைக் கண்டிருந்தன, சில 55 விழுக்காட்டோடு நின்றுவிட்டன. பத்துப் பேர் கொண்ட குழுக்களில் மிகக் குறைந்தது 80 விழுக்காடு.

வடிவமைப்பைத் திருத்திக்கொண்டே போகும்போது ஐந்து ஐந்து பேராக மூன்று சுற்று நடத்துவது, பதினைந்து பேரை ஒரே சுற்றில் சோதிப்பதைவிட நல்லது. இரண்டு வடிவமைப்புகளில் எது வேகமானது என்று எண்களால் நிறுவ வேண்டுமானால் இந்தக் கணக்கே உதவாது. எதிர்பார்க்கும் வேறுபாட்டின் அளவை வைத்து எத்தனை பேர் தேவை என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இத்துறையின் முதன்மை மாநாடான சிஎச்ஐயின் கட்டுரைகளை ஆராய்ந்த கெல்லி கெய்ன், அவற்றில் மிக அதிகமாகக் காணப்பட்ட பங்கேற்பாளர் எண்ணிக்கை 12 என்று 2016இல் எழுதினார். அது வழக்கத்தைச் சொல்கிறது, போதுமான அளவைச் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் எல்லா வசதியும் இருக்கும்போது களத்துக்கு ஏன் போக வேண்டும்?

ஆய்வகத்துக்கு வரும் பயனர் தம் மேசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். திரையின் ஓரத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் எட்டிக் கேட்கும் சந்தேகம், பாதியில் குறுக்கிடும் அழைப்பு, கணினியில் பதிந்த பின்னும் கையால் எழுதிவைக்கும் பழைய பதிவேடு ஆகிய எதுவும் ஆய்வகத்துக்குள் வராது. அந்தத் துண்டுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மென்பொருள் சொல்லத் தவறிய ஒன்று அதில் இருக்கும். ஹியூ பேயரும் கேரன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் 1990களில் பரப்பிய சூழல்சார் விசாரணை முறையில், ஆய்வாளர் தொழில் கற்க வந்த சீடரைப் போலவும் பயனர் ஆசானைப் போலவும் அமர்கிறார்கள். வேலை நடக்கும்போதே இடையிடையே கேள்வி கேட்கலாம். நாம் புரிந்துகொண்டதைச் சொல்லி அது சரிதானா என்று அங்கேயே சரிபார்க்கலாம்.

பயன்பாட்டுப் பதிவுகள் தாமாகவே சேர்கின்றனவே, அவை போதாதா?

பயனர் செய்வதைக் கருவி தானாகவே குறித்துக்கொள்ளும், லாக் எனப்படும் பதிவுகள் எதையும் மறப்பதில்லை, யாருக்காகவும் கூசுவதுமில்லை. ஆனால் அவை இயந்திரத்துக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் லூசி சச்மன், உதவிக் குறிப்புகள் காட்டும் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றைப் புதியவர்கள் இருவர் இருவராகப் பயன்படுத்துவதைப் படம்பிடித்து ஆராய்ந்து 1987இல் எழுதினார். அந்தப் பதிவுகளை அவர் நான்கு பத்திகளாக, அதாவது நெடுவரிசைகளாகப் பிரித்தார். பயனர் செய்வதில் இயந்திரத்துக்குத் தெரியாதவை முதல் பத்தி, தெரிந்தவை இரண்டாவது. இயந்திரம் செய்வதில் பயனருக்குத் தெரிபவை மூன்றாவது, அதன் பின்னுள்ள வடிவமைப்புக் காரணம் நான்காவது. பேச்சும் தயக்கமும் தவறான புரிதலும் முதல் பத்தியில் நிரம்பி வழிய, இரண்டாம் பத்தியில் சில பொத்தான் அழுத்தல்களே இருந்தன. இன்று நாம் திரட்டும் லாக் முழுக்க அந்த இரண்டாம் பத்திதான்.

ஒரு பக்கத்தில் ஒருவர் நான்கு நிமிடம் இருந்தார் என்றால் ஆர்வத்தோடு படித்தாரா, புரியாமல் விழித்தாரா, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாரா என்பதை லாக் சொல்லாது. பலர் ஒரே இடத்தில் நிற்பதை அது காட்டும். நிற்பவர்களிடம் போய்ப் பேச வேண்டியது நாம்.

பல வாரங்கள் நீளும் பழக்கங்களை எப்படிப் பதிவு செய்வது?

நாட்குறிப்பு ஆய்வு ஒரு வழி. பங்கேற்பாளரே அன்றன்று எழுதுவார். ஆனால் முதல் வாரத்தின் உற்சாகம் மூன்றாம் வாரத்தில் இருக்காது, பலர் விட்டதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரவில் மொத்தமாக எழுதுவார்கள். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாதபடி அமையுங்கள். மற்றொரு வழி, மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் ரீட் லார்சனும் 1970களில் பேஜர் கொண்டு தொடங்கிய அனுபவ மாதிரி முறை: எதிர்பாராத நேரங்களில் ஒலி எழுப்பி, அந்தக் கணத்தில் என்ன செய்கிறீர்கள், என்ன உணர்கிறீர்கள் என்று கேட்பது. இன்று அந்த வேலையைத் தொலைபேசி செய்கிறது.

கண் நகர்வைப் பதிவு செய்யும் கருவி வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடுமா?

கண் எங்கே நின்றது என்பது தெரியும். மனம் எங்கே நின்றது என்பது தெரியாது. படிக்கும்போது கண் ஓரிடத்தில் கால் விநாடி அளவு நின்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஒரே இடத்தில் நீண்ட நேரம் நின்றால் அது ஈர்ப்பாகவும் இருக்கலாம், குழப்பமாகவும் இருக்கலாம். துல்லியத்திலும் எல்லை உண்டு: 60 செ.மீ. தொலைவில் 1 பாகைப் பிழை என்றால் திரையில் சுமார் 1 செ.மீ. நெருக்கமான வரிகளில் எந்த வரியைப் படித்தார் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பார்வை அதிகம் நின்ற இடங்களை நிறத்தால் காட்டும் வண்ண வண்ணமான வெப்பப் படங்கள் அறிக்கைக்கு அழகு சேர்க்கும் என்பதற்காக மட்டும் இதை நாடுகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இன்னும் உருவாக்கப்படாத கருவியைச் சோதிக்க முடியுமா?

முடியும். 1983இல் ஜான் கூல்டும் சக ஆய்வாளர்களும் ஐபிஎம்மில், பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரத்தைச் சோதித்தார்கள். அப்படி ஓர் இயந்திரம் அப்போது இல்லை. மறைவான இடத்தில் அமர்ந்த தட்டச்சாளர் ஒருவர் கேட்டதைத் தட்டிக்கொண்டிருந்தார். இம்முறையில் திரைக்குப் பின்னால் இருப்பவர் இயந்திரத்தைவிடப் புத்திசாலியாக நடந்துகொள்ளக் கூடாது. என்ன சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளை முன்பே எழுதிவைக்க வேண்டும். சோதனை முடிந்ததும் உண்மையைப் பங்கேற்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெயரை நீக்கிவிட்டால் தனியுரிமை காக்கப்பட்டதாகாதா?

ஆகாது. 2006இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் தேடல் சொற்களைப் பெயருக்குப் பதிலாக எண்ணிட்டு ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. ஒருவர் தேடிய சொற்களை மட்டும் கோத்துப் பார்த்தே பத்திரிகையாளர்கள் சில நாட்களில் அவரை வீடு தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். எண்ணிட்ட தரவு பெயரற்ற தரவு அல்ல.

ஒப்புதலைப் பொறுத்தவரை, 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பேரின் ஃபேஸ்புக் செய்தியோடையில் தோன்றும் பதிவுகளின் உணர்ச்சித் தொனியை மாற்றிப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானபோது எழுந்த எதிர்ப்பை நினைவில் வையுங்கள். சேவையின் விதிமுறைகளை ஏற்றதே ஒப்புதல் என்ற வாதத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆய்வை வெளியிட்ட இதழே கவலைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. ஒப்புதல் படிவத்தில் என்ன பதிவாகும், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற நான்கும் பேச்சு நடையில் இருக்க வேண்டும். படித்துக் கையெழுத்திடச் சொல்லாமல், நீங்களே படித்துக் காட்டுங்கள்.

ஆய்வைத் தொடங்கும் முன் கடைசியாகச் செய்ய வேண்டியது என்ன?

ஒரே ஒருவரை வைத்து முழு ஆய்வையும் ஒரு முறை நடத்திப் பாருங்கள். பதிவுக் கருவி, படிவம், கேள்விகள், நேரக் கணக்கு அனைத்தும் உண்மையில் நடப்பது போலவே இருக்கட்டும். பேச்சைப் பதிவு செய்திருந்தால் அதைக் கேட்டு எழுதி முடிக்கும் வரை போங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கைந்து மணி நேரம் பிடிப்பதை அப்போதுதான் உணர்வீர்கள். அந்த ஒருவரின் தரவை இறுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதிவுக் கருவியின் மின்கலத்தை முந்தைய இரவே முழுதாக ஏற்றிவையுங்கள்.